சீத்தாப்பழ விதை: தலைக்குத்தான் போட்டேன் என்பவர்களுக்கு

சீத்தாப்பழ சீசன் வந்தால் எங்கள் கண் புறநோயாளிப் பிரிவிலும் கூட்டம்தான். இந்த வாரமும் ஒரு தாயும் மகளும், நான்கு கண்ணையும் திறக்க முடியாமல் வந்தார்கள். கேட்டால் அதே பதில்: "கண்ணுல எதுவும் போடலை டாக்டர், பேனுக்காகத் தலைக்குத்தான் போட்டோம்."

விதையை அரைத்து எண்ணெயில் குழைத்துத் தேய்க்கிறீர்கள். சரி. அப்புறம் தலையை அலச வேண்டுமே, அந்தத் தண்ணீர் எங்கே போகும்? நெற்றி வழியாகக் கண்ணுக்குத்தான். குனிந்து அலசினால் முடி முகத்தில் விழும். துவட்டிய துண்டில் பொடி ஒட்டியிருக்கும். மிக்ஸி மூடியைத் திறக்கும்போதே பறக்கும். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டவர்களும் என்னிடம் வந்திருக்கிறார்கள்.

இயற்கைதானே என்பார்கள். பேனைக் கொல்லும் என்று நம்பித்தானே தேய்க்கிறீர்கள்? விதையிலுள்ள அசிட்டோஜெனின்கள் என்ற நச்சுப் பொருட்களுக்குப் பேன் எது, கருவிழி எது என்று தெரியாது. பாட்டி வைத்தியம் என்றும் சொல்லாதீர்கள். இந்தச் செடியே வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்ததுதான்.

பல பேருக்கு உடனே பெரிதாக வலிக்காது. சில மணி நேரம் கழித்து எரிச்சல், கண்ணீர், கூச்சம் எல்லாம் சேர்ந்து வரும். ஃப்ளோரசின் சாயம் போட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண்ணான இடம் பச்சையாக ஒளிரும். சிலருக்குக் கருவிழி முழுவதுமே பச்சை.

பட்டுவிட்டால் கசக்காமல், குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது கண்ணைத் திறந்து கழுவுங்கள். பிறகு நேராகக் கண் மருத்துவரிடம் வாருங்கள். உடனே வந்தால் பெரும்பாலும் நன்றாகவே ஆறிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஸ்டீராய்டு சொட்டு, எதுவும் வேண்டாம். பரிசோதனையின்போது நாங்கள் போடும் மரப்பு மருந்தை வீட்டுக்குக் கேட்பவர்கள் உண்டு. தரமாட்டோம், தொடர்ந்து போட்டால் புண் ஆறவே ஆறாது.

பேனுக்கு 1% பெர்மெத்ரின் லோஷன் இருக்கிறது. கண்ணில் படாமல் தடவி, 10 நிமிடத்தில் அலசுங்கள். ஈறு பொரிந்து மறுபடி வரும் என்பதால் ஒன்பது பத்து நாள் கழித்து இன்னொரு முறை. கூடவே ஈரத் தலையில் பேன் சீப்பு. வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள்.

பழத்தைத் தாராளமாகச் சாப்பிடுங்கள். குழந்தை ஒரு விதையை முழுசாக விழுங்கிவிட்டால் பதற வேண்டாம், அப்படியே வெளியேறிவிடும். அரைத்து வைத்த டப்பா அலமாரியில் இருந்தால் மட்டும், தயவுசெய்து, இன்றைக்கே கட்டிக் குப்பையில் போட்டுவிடுங்கள்.