கூடையில் போன குடுவை

“சார், அம்மாவோட யூரின் ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். பஸ் செல் 8-10 இருக்கு. மாத்திரை பேர் மட்டும் சொல்லிடுங்க.” டாக்டரான எனக்கு வாரத்துக்கு இரண்டு முறையாவது இப்படி வாட்ஸ்அப்பில் வந்துவிடும். பஸ் செல் என்றால் சீழ் அணு; அது கூடினால் கிருமித் தொற்றோ என்று சந்தேகம். அம்மாவுக்கு என்ன தொந்தரவு என்று கேட்டால், “ஒண்ணுமில்ல சார், சும்மா செக்கப்” என்பார்கள்.

இடைக்கால ஐரோப்பாவிலும் இதே கதைதான். இன்று ஸ்டெதஸ்கோப் மாதிரி அன்று மருத்துவருக்கு அடையாளம் சிறுநீர்க் குடுவை. அடி உருண்ட மெல்லிய கண்ணாடி. மாட்டுலா என்று பெயர். நோயாளி வரவே வேண்டாம், வேலைக்காரர் குடுவையைக் கூடையில் வைத்துக் கொண்டுபோனால் போதும். மருத்துவர் அதை வெளிச்சத்தில் பிடித்து, 20 நிறங்கள் கொண்ட அட்டவணையோடு ஒப்பிட்டு நோயைச் சொல்லிவிடுவார். 12ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ மருத்துவப் பள்ளியில் படித்த ஜில் த கோர்பெய் என்ற மருத்துவர், மாணவர்கள் மனப்பாடம் செய்ய இதை லத்தீன் செய்யுளாகவே எழுதிவைத்தார்.

10ஆம் நூற்றாண்டில் பவேரியா கோமகன் ஒருவர், இன்றைய சுவிட்சர்லாந்தில் உள்ள சாங்க்ட் காலன் மடத்தில் வைத்தியம் பார்த்த துறவி நோட்கரைச் சோதிக்க, ஒரு கர்ப்பிணியின் சிறுநீரைத் தன்னுடையது என்று அனுப்பினாராம். நோட்கர் பார்த்துவிட்டு, “அதிசயம் நடக்கப்போகிறது, இன்னும் 30 நாளில் கோமகன் பிள்ளை பெறுவார்” என்றார் என்கிறது மடத்தின் வரலாற்று நூல். எல்லோரும் நோட்கர் இல்லையே! ‘ஒன்றும் பிடிபடவில்லையா, கல்லீரலில் அடைப்பு என்று சொல்; அந்தச் சொல் அவர்களுக்குப் புரியாது’ என்று மருத்துவர்களுக்கே யோசனை சொல்கிறது இடைக்கால மருத்துவர் அர்னால்டு வில்லனோவா பெயரில் வழங்கும் ஒரு குறிப்பு. (இந்த உத்தி எங்கள் தொழிலில் ஒழிந்துவிட்டது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.)

நிறம் பார்ப்பதைக் குறை சொல்லவில்லை. காமாலையில் சிறுநீர் டீ டிக்காஷன் போல ஆகும், காசநோய் மாத்திரையில் ஆரஞ்சாகும். ஆனால் ஆளைப் பார்க்காமல் குடுவையை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாதவருக்கு நாலு பஸ் செல்லைப் பார்த்து ஆன்டிபயாடிக் கொடுப்பது பெரும்பாலும் வீண். அப்புறம் நிஜமாகவே தேவைப்படும்போது அந்த மருந்து கேட்காமல் போகலாம். கர்ப்பிணிகள் விஷயம் வேறு. தொந்தரவு இல்லாவிட்டாலும் கல்ச்சரில் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) கிருமி வளர்ந்தால் மருந்து கொடுத்தாக வேண்டும்.

சரி, அந்த அம்மாவை நேரில் வரச் சொன்னேன். முதலில் வந்ததையே பிடித்துக் கொடுத்திருக்கிறார்; அதில் வெளியில் இருப்பதும் கலந்துவிடும். கழுவிவிட்டு, கொஞ்சம் விட்டு நடுவில் வருவதைப் பிடிக்கச் சொன்னோம். பஸ் செல் 1-2. மாத்திரை எதுவும் எழுதவில்லை. மகனுக்குத்தான் முகம் கொஞ்சம் தொங்கிப்போனது.