வின்ச் வயர்: வெளித் தடிமனை நம்பாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மழை பிடித்துக்கொண்டால் என் பட்டறைக்கு வருகிற பிக்அப்புகள் செம்பனைத் தோட்டச் சேற்றோடுதான் வரும். போன மழையில் தோட்டத்து அண்ணன் ஒருவர் வந்தார். குலை ஏற்றும் லோரி புதைந்தால் இழுப்பதற்கு வண்டியின் பின்பக்கம் வின்ச் மாட்டியிருந்தார். பேட்டரி மின்சாரத்தில் மோட்டார் சுற்றி, கயிற்றால் பாரத்தை இழுக்கும் கருவி அது. "மோட்டார் போச்சு தம்பி, சுத்தவே மாட்டேங்குது" என்றார்.

மோட்டாரில் ஒரு கோளாறும் இல்லை. அடியில் படுத்துப் பார்த்தால், பேட்டரியிலிருந்து வின்ச்சுக்குப் போகும் மின் வயரின் உறை உருகி, வண்டியின் இரும்புச் சட்டமான சேசிஸோடு ஒட்டிக் கிடந்தது. கட்டைவிரல் பருமன் இருந்த வயர்தான். வெட்டிப் பார்த்தேன். இழைகள் வெளியே செம்பு நிறம், வெட்டிய முனையில் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்புப் பூச்சு! சுத்தச் செம்பைவிட அதற்கு மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. வாங்கும்போதே முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள்.

12 வோல்ட்டில் ஓடும், 9,500 பவுண்டு வரை இழுக்கும் வின்ச், முழு இழுவையில் 400 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். வெறுமனே சுற்றும்போது அதில் கால் பங்குகூட வராது. அதனால்தான் கடையில் சுற்றிக் காட்டும்போது எந்த வயரும் நல்ல வயராகத் தெரிகிறது.

நீளத்தைக் கணக்கிடும்போது பலர் போகும் வயரை மட்டும் அளக்கிறார்கள். திரும்பி வரும் நெகட்டிவும் சேர்ந்ததுதான் நீளம். பேட்டரியிலிருந்து பின் பம்பருக்கு 6 மீட்டர் என்றால் கணக்கு 12 மீட்டர். உள்ளே இருக்கும் செம்பின் குறுக்குவெட்டு 35 சதுர மில்லிமீட்டர் உள்ள வயரில், 400 ஆம்பியருக்கு ஏறக்குறைய 2.4 வோல்ட் வழியிலேயே போய்விடும். கிட்டத்தட்ட 1,000 வாட் சூடு. ஓர் இஸ்திரிப் பெட்டியை வண்டிக்கு அடியில் போட்டுவைத்த மாதிரி. 70 போட்டால் இழப்பு பாதியாகும். முன்பக்க வின்ச்சுக்கு ஒருவழி ஒன்றரை மீட்டர்தான் என்றால் 35 போதும், இழப்பு 0.6 வோல்ட்தான்.

நெகட்டிவைச் சேசிஸில் முடுக்கிவிட்டு நிறுத்தாதீர்கள். துருவும் பெயின்ட்டும் தடையைக் கூட்டும். அதே பருமனில் பேட்டரி வரைக்கும் கொண்டுபோங்கள். வயர் முனையில் மாட்டும் உலோக இணைப்பான லக்கைச் சுத்தியலால் தட்டி நசுக்குவதும் கூடாது, அழுத்தி நெரிக்கும் ஹைட்ராலிக் கிரிம்ப்பர்தான் சரி. பாசிட்டிவில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே மின்சாரத்தை முழுதாகத் துண்டிக்கும் ஐசோலேட்டர் சுவிட்ச் ஒன்று கட்டாயம் வேண்டும். இழுத்து முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். வண்டி ஓடும்போது வயர் தேய்ந்து சேசிஸைத் தொட்டால் தீப்பிடிக்கும் அளவுக்குப் பேட்டரியில் மின்சாரம் இருக்கிறது.

அண்ணனுக்கு 70 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிளைக் குழாய்க்குள் விட்டு, புகைக்குழாய்க்கு எட்ட இழுத்துக் கட்டினேன். பிறகு அவர் லோரியையே பாரமாக வைத்து இழுக்கச் சொல்லி, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையை வின்ச் பாசிட்டிவிலும் வைத்தேன். அரை வோல்ட் காட்டியது. அவரே குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தார். கை சுடவில்லை.