புல்மோட்டை மணல்: காந்தம் முடியும் இடத்தில் அமிலம் தொடங்குகிறது

திருகோணமலைக்கு வடக்கே ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று மேலே போனால் புல்மோட்டை. கரையில் ஒரு கைப்பிடி கறுப்பு மணலை அள்ளிப் பாருங்கள், கை தாழும். நீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால் சாதாரண மணலின் அடர்த்தி 2.65, இதில் பெரும்பங்காக இருக்கும், இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனியமான இல்மனைட்டின் அடர்த்தி 4.7. இலேசானதை அலை இழுத்துப்போகிறது, பாரமானது கரையில் தங்குகிறது. அள்ளிய பள்ளத்தை வாடைக்காலக் கடல் புது மணலால் நிரப்பும். அந்த மாதங்களில் கடல் கொந்தளிப்பதால் கப்பலில் ஏற்றுவதுதான் நின்றுபோகும்.

1948இல் சுதந்திரம் வந்தபோது உள்ளூர் முதலாளிகளின் பணம் தேயிலை, இறப்பர், தென்னை, இறக்குமதி வியாபாரம் என்று சீக்கிரம் திரும்பிவரும் இடங்களிலேயே கிடந்தது. ஒதுக்குப்புறக் கரையில் இயந்திரம் பூட்டிப் பல வருடம் காத்திருக்க அரசால்தான் முடிந்தது. 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் பிறந்தது. 1992இல் அது கம்பனியாக மாறினாலும் உரிமையாளர் அரசுதான்.

அங்கே நடப்பது இரசாயனம் அல்ல, வெறும் பிரிப்பு. முதலில் நன்னீரில் உப்பைக் கழுவி, சூட்டில் உலர்த்துவார்கள். பின்பு காந்த உருளை. இல்மனைட்டின் காந்த இயல்பு மிதமானது. உருளையில் வலுவான காந்தம் வேண்டும். எஞ்சுவதில் ரூட்டைல், சேர்க்கோன் என்ற இரண்டு கனியங்கள் முக்கியம். இரண்டிலும் காந்தம் பிடிக்காது, ஆனால் ரூட்டைல் மின்சாரத்தைக் கடத்தும். பல்லாயிரம் வோல்ற் மின்னேற்றம் கொடுத்துச் சுழலும் உலோக உருளையில் விழுத்தினால், ரூட்டைல் மின்னேற்றத்தை உருளைக்குக் கொடுத்துவிட்டு எறியப்படும். சேர்க்கோன் ஒட்டிக்கொண்டே சுற்றும், தூரிகை அதைத் தட்டிவிடும்.

கழுவல் குறைந்தால் இந்த இடத்தில்தான் தெரியவரும். மணியின் மேல் உப்போ ஈரமோ மெல்லிய படலமாக இருந்தால் சேர்க்கோனும் மின்சாரத்தைக் கடத்தி, ரூட்டைல் தொட்டிக்குள் விழும். கதிரியக்கமுள்ள தோரியம் கலந்த மொனசைட் என்ற கனியம் இன்னொரு தலையிடி. அதுவும் மின்கடத்தாது, இன்னும் பலமான காந்தத்தால் எடுக்காவிட்டால் சேர்க்கோனோடு போகும், வாங்குபவர் கதிரியக்கத்தை அளந்து திருப்பிவிடுவார்.

இவ்வளவையும் அரசு செய்து காட்டியது. ஆனால் இல்மனைட்டை விற்றுவிட்டு, பெயின்ற்றுக்கான வெள்ளைத் தூளை, அதாவது தைத்தேனியம் ஈரொட்சைட்டை, வெளிநாட்டில் வாங்குகிறோம். காரணம் அமிலக் கணக்கில் இருக்கிறது. தூய இல்மனைட்டிலிருந்து ஒரு தொன் தூள் எடுக்க, சமன்பாட்டின்படியே 2.45 தொன் சல்பூரிக் அமிலம் வேண்டும். ஆலையில் இன்னும் கூடும். அமில ஆலை, அதற்குக் கந்தகம், துறைமுகம், தடங்கலில்லாத மின்சாரம் எல்லாம் ஒன்றாக எழ வேண்டும். ஆனையிறவு உப்பிலிருந்து குளோரின் எடுத்த பரந்தன் இரசாயனக் கூட்டுத்தாபனமும் அரசினுடையதே. ஆனால் அமிலத்துக்குப் பதிலாகக் குளோரினால் தூள் எடுக்கும் வழியில் போனால் இல்மனைட்டில் உள்ள இரும்பே குளோரினைத் தின்றுவிடும். தனித்தனி ஆலைகளை எழுப்பிய அரசு, ஒன்றின் கழிவு மற்றதன் மூலப்பொருளாகும் சங்கிலியைக் கட்டவில்லை என்பதே என் குறை.

கழிவும் சிறிதல்ல. அதே ஒரு தொன் தூளுக்கு ஏறக்குறைய 3.5 தொன் பச்சை இரும்புச் சல்பேற்றுப் பளிங்கு மிஞ்சும், கூடவே நீர்த்த அமிலமும். பக்கத்தில் இருப்பது இறால் பிடிக்கும் கொக்கிளாய்க் களப்பு.