பிரசண்ட்: எடையைக் குறைத்து மலையேறிய ஹெலிகாப்டர்

1999 மே 28. கார்கில் போர் நடந்துகொண்டிருந்தது. தோலோலிங் மலைமுகட்டைத் தாக்கப் போன விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டரை, தோளில் வைத்து ஏவும் ஏவுகணையால் வீழ்த்திவிட்டார்கள். உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். எம்ஐ-17 ஆட்களையும் சரக்கையும் சுமக்கப் பிறந்த வண்டி. பக்கவாட்டில் ராக்கெட் குழல்களை மாட்டித்தான் அதைச் சண்டைக்கு அனுப்பியிருந்தார்கள். தாக்குவதற்கென்றே செய்த ரஷ்ய ஹெலிகாப்டர்கள், எம்ஐ-25, எம்ஐ-35 இரண்டும், அப்போதே நம்மிடம் இருந்தன. ஆனால் அந்த உயரத்தில் ஆயுதத்தோடு சண்டை போட அவற்றால் முடியாது.

காரணம் காற்று. கடல் மட்டத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ. 5,000 மீட்டர் உயரத்தில் அது 0.74 கிலோதான். ஹெலிகாப்டர் காற்றைக் கீழே தள்ளித்தான் மேலே நிற்கிறது. தள்ளுவதற்குக் காற்றே குறைந்துபோனால் என்ன செய்யும்?

சரி, தலைக்கு மேல் சுழலும் விசிறியான ரோட்டாரை இன்னும் வேகமாகச் சுற்றலாமே? முடியாது. ரோட்டார் இறக்கையின் முனை ஏற்கெனவே நொடிக்கு 200 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. முன்னோக்கிப் பறக்கும்போது, ஒரு பக்கத்து இறக்கைக்கு ஹெலிகாப்டரின் வேகமும் கூடிக்கொள்ளும். ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு எகிறும். குளிரில் ஒலியின் வேகமே குறைந்துவிடுவதால் அந்த எல்லை இன்னும் முன்னாலேயே வந்து நிற்கும். இறக்கையைக் கூடுதலாகச் சாய்த்துப் பிடிக்கலாம். அதற்கு அதிக சக்தி வேண்டும், ஓர் அளவைத் தாண்டினால் காற்று இறக்கையை விட்டுப் பிரிந்து தூக்குவிசை சரிந்துவிடும். சக்தி தர வேண்டிய டர்பைன் இன்ஜினும் அதே மெலிந்த காற்றைத்தான் உறிஞ்சுகிறது. மேலே போகப் போகத் தேவை கூடுகிறது, கிடைப்பது குறைகிறது. வடிவமைப்பவர் கையில் மிச்சம் இருப்பது எடை ஒன்றுதான்.

இந்திய அரசின் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல். 2006இல் தொடங்கிய இலகுரக தாக்குதல் ஹெலிகாப்டர் திட்டத்தின் சாரமே இதுதான். அதில் பிறந்ததுதான் பிரசண்ட். ஆயுதம், எரிபொருள், ஆட்கள் எல்லாம் சேர்த்து அதிகபட்ச எடை 5.8 டன். எம்ஐ-35 முழுச் சுமையோடு 11 டன்னைத் தாண்டும். அமெரிக்க அப்பாச்சி 10 டன்னுக்கு மேல். பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து உருவாக்கிய, 'சக்தி' என்று பெயரிட்ட இன்ஜின் இரண்டு, ஒவ்வொன்றும் சுமார் 1,000 கிலோவாட். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு ஏறத்தாழ 350 கிலோவாட் வருகிறது. எம்ஐ-35க்கு அது 300க்கும் கீழே.

எல்லாவற்றையும் புதிதாகச் செய்யவில்லை. எச்.ஏ.எல். ஏற்கெனவே செய்துவந்த பொதுப்பயன்பாட்டு ஹெலிகாப்டரான துருவின் இன்ஜின், கியர்பாக்ஸ், ரோட்டார் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மேலே ஒல்லியான புது உடல் போர்த்தினார்கள். 1965இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் செய்ததும் இதைத்தான்: ஆட்களைச் சுமக்கும் ஹியூயி ஹெலிகாப்டரின் இன்ஜினையும் ரோட்டாரையும் ஒரு மீட்டர்கூட அகலமில்லாத உடலில் வைத்து, கோப்ரா என்ற தாக்குதல் ஹெலிகாப்டரைப் பறக்கவிட்டது. அன்று முதல் தாக்குதல் ஹெலிகாப்டர் என்றாலே பெரும்பாலும் இருவர் ஒருவர் பின் ஒருவராக உட்காரும் அமைப்புதான். எதிரே இருந்து சுடுபவனுக்குக் குறி சிறுத்துவிடும், காற்றின் எதிர்ப்பும் குறையும்.

2010 மார்ச் 29இல் பெங்களூருவில் முதல் மாதிரி பறந்தது. திட்டமிட்டதைவிட அதன் எடை கூடியிருந்தது. இந்த ஹெலிகாப்டருக்கு அதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது! அடுத்தடுத்த மாதிரிகளில் எடையை இழைத்து இழைத்துக் குறைத்தார்கள். பலன் 2015இல் தெரிந்தது: சியாச்சினில் 4,800 மீட்டர் உயரத் தளத்தில் இறங்கி, மறுபடி எழும்பியது. வேறெந்தத் தாக்குதல் ஹெலிகாப்டரும் அதற்கு முன் அங்கே இறங்கியதில்லை.

ஆயுதங்களிலும் அதே சிக்கனம். மூக்கின் கீழ் 20 மில்லிமீட்டர் பீரங்கி. விமானி ஹெல்மெட்டோடு தலையைத் திருப்பினால் அதுவும் கூடத் திரும்பும். அப்பாச்சியில் இருப்பது 30 மில்லிமீட்டர். அடி பலமானது, கனமும் அதிகம். பிரசண்டில் 70 மில்லிமீட்டர் ராக்கெட்டுகளும், வானத்தில் பறப்பவற்றைச் சுட மிஸ்ட்ரல் ஏவுகணைகளும் உண்டு.

2022 அக்டோபர் 3இல் ஜோத்பூரில் விமானப்படையில் சேர்ந்து, 'பிரசண்ட்' என்று பெயர் பெற்றபோது டாங்கை உடைக்கும் ஏவுகணை மட்டும் அதில் இல்லை. மலையில் இலக்கு பெரும்பாலும் பதுங்குகுழிதானே என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது ஒப்பவில்லை. 2020இல் லடாக் எல்லைக்குச் சீனா இலகுரக டாங்குகளையே கொண்டுவந்து நிறுத்தியது. அந்தப் பதற்றத்தின்போது, படையில் சேரும் முன்பே, இரண்டு பிரசண்டுகளை லேவுக்கு அனுப்பியிருந்தார்கள். அப்பாச்சிகளும் அங்கே பறந்தன. ஆனால் அந்தக் காற்றில் எந்தக் கனமான ஹெலிகாப்டரும் சுமையைக் கழித்துக்கொண்டுதான் பறக்க வேண்டும்.

முதலில் வாங்கியது 15 மட்டும். 2025 மார்ச்சில் மேலும் 156க்கு ஒப்பந்தம் போட்டார்கள்: தரைப்படைக்கு 90, விமானப்படைக்கு 66, மொத்தம் சுமார் 62,700 கோடி ரூபாய். பெங்களூருவிலும் துமகூருவிலும் கட்டப்போகிறார்கள்.