கூச்சமா, ஓட்டிசமா, போர் விட்டுப்போன காயமா?

அந்தத் தம்பி என் அறைக்குள் வந்ததும் கதிரையைச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார். மேலே பழைய மின்விசிறி கடகடத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. நிற்பாட்டலாமா என்று கேட்டார். நிற்பாட்டினேன். கையில் வைத்திருந்த எண்பது பக்கக் கொப்பியை மேசையில் வைத்து என் பக்கம் தள்ளினார்.

"வாயால சொன்னா மாறிப்போகும் மிஸ். எழுதிக்கொண்டு வந்திருக்கிறன். வாசியுங்கோ."

முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. நான் வெறும் கூச்ச சுபாவக்காரனா, அல்லது எனக்கு ஓட்டிசமா?

அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வன்னியில் உளவளத்துணையாளராக வேலை செய்யத் தொடங்கிய காலத்தில், ஓட்டிசம் என்ற சொல்லோடு என்னிடம் வந்தவர்கள் சின்னப் பிள்ளைகளின் தாய்மார்தான். (இந்தியத் தமிழில் ஆட்டிசம் என்று எழுதுவார்கள். இரண்டும் ஒன்றுதான்: ஆட்களோடு பழகுவதும் உலகத்தை உணர்வதும் சின்ன வயதில் இருந்தே வேறு மாதிரி இருப்பது.) இப்போது இருபது, முப்பது வயதுக்காரர்கள் தங்களைப் பற்றியே கேட்டுக்கொண்டு வருகிறார்கள். போனில் ஏதோ வீடியோ பார்த்திருப்பார்கள். 'இதெல்லாம் இப்பத்தையப் பிள்ளையளின்ர பாஷன்' என்று பெரியவர்கள் தட்டிக்கழிப்பதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வருடக்கணக்காக 'நான் ஏன் இப்படி' என்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஒருவர், அதைக் கொப்பியில் எழுதி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வருவது சின்ன விஷயம் இல்லை.

சரி, கூச்சத்தில் இருந்து தொடங்குவோம். கூச்சப்படுகிறவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். செய்யத்தான் பயம். என்ன நினைப்பார்களோ, சிரிப்பார்களோ என்ற பயம். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெடியனை எனக்குத் தெரியும். பின்னேரம் கரப்பந்து விளையாடும் இடத்தில் அவன்தான் எல்லோரையும் பகிடி பண்ணுவான். யார் முகம் வாடியிருக்கிறது, யார் யாரோடு கோபம், எந்தப் பகிடியை எங்கே நிறுத்த வேண்டும், எல்லாம் அவனுக்குச் சொல்லாமலே விளங்கும். பழகப் பழகக் கூச்சம் இளகும். மூன்றாம் நாள் கதைப்பான், மூன்றாம் மாதம் வீட்டுக்கே வந்து சாப்பிடுவான்.

கொப்பிக்காரத் தம்பி சொன்னது வேறு. "எனக்கு ஆக்களோட கதைக்கப் பயமில்லை மிஸ். எப்பிடிக் கதைக்கிறதெண்டுதான் தெரியேல்லை."

ஒரு செத்தவீட்டுக்குப் போயிருக்கிறார். மகனைப் பறிகொடுத்த தாய் வாசலில் இருந்திருக்கிறார். பெரியவர்களைக் கண்டால் 'சுகமா இருக்கிறியளோ' என்று கேட்க வேண்டும் என்று சின்ன வயதில் அம்மா பழக்கியிருந்தார். அதையே கேட்டுவிட்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அன்று இரவு முழுக்க அவர் நித்திரை கொள்ளவில்லை. அந்தத் தாயை நினைத்து அழுதிருக்கிறார். இந்த இடத்தைக் கவனியுங்கள். ஓட்டிசம் உள்ளவருக்குப் பாசம் இல்லை, மற்றவரின் துக்கம் உறைக்காது என்பது பெரிய பிழை. துக்கம் அவருக்கு உறைத்தது. அந்த இடத்தில் எது பொருந்தும் என்பதுதான் மற்றவர்களுக்குத் தானாக வருவதைப்போல் அவருக்கு வரவில்லை. கூச்சப்படுகிற பெடியன் அதே செத்தவீட்டில் ஒரு சொல்லும் பேசாமல் போய்க் கதிரை அடுக்கியிருப்பான்.

ஆனாலும் ஆட்களோடு பழகுவதை மட்டும் வைத்துப் பிரிக்கப் பார்த்தால் குழம்பிப்போவோம். ஓட்டிசத்தோடு கூச்சமும் சேர்ந்தே இருக்கலாம். பத்து முறை பிழைவிட்டுப் பேச்சு வாங்கினால் யாருக்கும் பயம் வரும்தானே. அதனால் நான் முதலில் கேட்கும் கேள்வி இது: ஒருத்தரும் இல்லாத நேரத்தில் நீங்கள் எப்படி?

ஆளே இல்லாத இடத்தில் கூச்சத்துக்கு வேலை இல்லை. ஓட்டிசம் தனி அறையிலும் கூடவே இருக்கும். சட்டைக் கழுத்தின் லேபல் உறுத்தி அதை வெட்டி எறிவது. சோற்றில் கறி தொட்டுவிட்டால் சாப்பிட முடியாமல் போவது. வழமையாக வரும் பஸ் வராவிட்டால் அன்றைய நாளே குலைந்துபோவது. கைவிரல்களை ஒரே மாதிரி ஆட்டிக்கொண்டிருந்தால் மனம் அமைதியாவது. ஒரு விஷயத்துக்குள் இறங்கினால் அதன் அடிவரைக்கும் போவது. தம்பியின் கொப்பியில் இருபது பக்கத்துக்கு மேல் இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம்தான். அடியும் அங்குலமுமாக, திகதி வாரியாக, முழுக் கொள்ளளவான 36 அடியைத் தொட்ட நாட்களுக்கு மட்டும் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார். அதைப் பற்றிக் கேட்டபோதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

வைத்தியர்களும் இந்த இரண்டு பக்கத்தையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். மனநல வைத்தியர் லியோ கானர் 1943இல் 11 பிள்ளைகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலேயே தனிமையும் மாற்றத்தைத் தாங்காத தன்மையும் ஒன்றாக வருகின்றன. 2013இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டுக் கையேட்டில் ஒலி, ஒளி, தொடுகை பற்றிய உணர்திறனும் அடையாளங்களுக்குள் சேர்க்கப்பட்டது. அஸ்பேர்ஜர் என்று தனியாகச் சொல்லப்பட்டதும் அப்போதுதான் ஓட்டிசத்தோடு ஒன்றாக்கப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, இது சிறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

எங்கள் மண்ணில் சிக்கலே இந்த இடத்தில்தான்.

வன்னியில் ஒருவர் ஒதுங்கியிருந்தால், சத்தத்துக்குத் துடித்தால், கூட்டத்துக்குள் போக மறுத்தால் அதற்கு மூன்றாவது காரணம் ஒன்றும் உண்டு. 2009இன் முதல் மாதங்களை பங்கருக்குள் கழித்த பிள்ளைக்கு இப்போது இருபதுக்கு மேல் வயது. திருவிழாவில் வெடி கொளுத்தினால் அந்தப் பிள்ளை மேசைக்குக் கீழே போகும். பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேசாமல் போன கதைகள் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கின்றன. இதை ஓட்டிசம் என்று எழுதிவிட்டால் அந்தக் காயத்துக்கு மருந்து கிடைக்காமல் போகும். போர்ப் பாதிப்பு என்று ஓட்டிசத்தை எழுதிவிட்டால், அந்த ஆள் தன்னை விளங்கிக்கொள்ளாமலே கிழவனாகிவிடுவார். இரண்டும் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஒருவரிடமே இரண்டும் இருப்பதும் உண்டு.

போர்க் காயத்துக்குப் பெரும்பாலும் ஒரு 'முன்' இருக்கும், ஒரு 'பின்' இருக்கும். 'இடம்பெயர்றதுக்கு முந்தி நல்லாக் கதைப்பாள்' என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவளை உலுப்பும் சத்தங்களுக்கும் நினைவு ஒன்று ஒட்டியிருக்கும்: கிபிர் போர் விமானத்தின் இரைச்சல், செல் (எறிகணை) விழும் சத்தம், அதைப்போன்ற இடி. ஓட்டிசத்தில் உறுத்தும் சத்தத்துக்கு அப்படி ஒரு கதை இருக்க வேண்டியதில்லை. மின்விசிறி, ரியூப் லைட்டின் ரீங்காரம், எவர்சில்வர் தட்டில் கரண்டி உரசுவது எல்லாம் போர் தொடுவதற்கு முன்பிருந்தே உறுத்தும்.

ஆனால் அந்த 'முன்' பலருக்கு எங்கே இருக்கிறது? பிள்ளை எப்போது நடந்தது, எப்போது கதைத்தது என்று எழுதியிருந்த கிளினிக் கார்ட், போரின் கடைசி மாதங்களில் சனம் அகப்பட்ட மாத்தளனோடு போய்விட்டது. கேட்டுப் பார்க்க அம்மாவும் இல்லாதவர்கள் இருக்கிறார்கள். அதனால் நான் சமாதான காலத்தைப் பற்றிக் கேட்பேன். 2002இல் போர்நிறுத்தம் வந்த பிறகு கொஞ்ச வருடம் குண்டுச் சத்தம் இல்லாமல் இருந்தோமே, அப்போது நீங்கள் எப்படி இருந்தீர்கள்? தம்பிக்கு அப்போது நாலு வயது. அவருடைய பெரியம்மா வந்து சொன்னார். "சமாதான காலத்திலயும் இவன் இப்பிடித்தான். புளியங்கொட்டையைப் பெரிசு சின்னன் பாத்து வரிசையா அடுக்குவான். ஒண்டை எடுத்திட்டா அண்டைக்கு முழுக்க அழுகைதான். பெயர் சொல்லிக் கூப்பிட்டாத் திரும்பான். காது கேக்கேல்லையோ எண்டு ஆசுப்பத்திரிக்கும் கொண்டுபோய்க் காட்டினனாங்கள்." பெரியம்மாவின் அந்தப் புளியங்கொட்டைகள் எந்தக் கேள்வித்தாளையும் விட எங்களுக்கு உதவின.

கேள்வித்தாள் என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போனில் பலரும் செய்து பார்க்கும் 50 கேள்விச் சோதனை, உளவியலாளர் சைமன் பரன்-கோஹன் குழுவினர் 2001இல் கேம்பிரிட்ஜில் உருவாக்கியது. 32 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்ற ஒரு குறிகாட்டி அது. நோய் அறியும் சோதனை அல்ல. அதில் நூதனசாலைக்குப் போவதைவிட நாடகம் பார்க்க விருப்பமா என்று ஒரு கேள்வி வரும். மாங்குளத்தில் இருப்பவர் அதற்கு என்ன பதில் எழுதுவார்? மற்றவர்களுக்குக் கேட்காத சின்னச் சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா என்று ஒன்று. எங்கள் ஊரில் செல் புறப்படும் சத்தத்தை வைத்து அது எந்தப் பக்கம் விழும் என்று சொல்லப் பழகியவர்கள் எத்தனை பேர்! வாகன இலக்கத் தகடு கண்ணில் படுமா என்று இன்னொன்று. சோதனைச் சாவடிகளுக்கு நடுவே வளர்ந்தவர் ஏன் அதைப் பார்த்துப் பழகினார் என்பது அந்தத் தாளுக்குத் தெரியாது. செய்து பாருங்கள், தவறில்லை. எந்தக் கேள்விக்கு ஏன் 'ஓம்' என்றீர்கள் என்பதையும் பக்கத்தில் எழுதி வையுங்கள். எனக்கு அந்தக் குறிப்புத்தான் வேண்டும்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். அச்சம், மடம், நாணம், பயிர்ப்பு என்று வரிசைப்படுத்தி வைத்திருக்கிற எங்களுக்கு, வாய் திறக்காத பெண்பிள்ளை என்றால் 'அடக்கமான பிள்ளை'. அதைக் குறையாக யார் பார்க்கப் போகிறார்கள்? ஒரு தங்கச்சி முன்பள்ளியில் வேலை செய்கிறார். கடைக்குப் போகமுதல் சொல்ல வேண்டிய வசனத்தை வீட்டில் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்ப்பாராம். சிரிப்பை அக்காவைப் பார்த்துப் பழகினாராம், எவ்வளவு நேரம் சிரிக்க வேண்டும் என்பது உட்பட. சாமத்தியவீடு ஒன்றுக்குப் போய்வந்தால் அடுத்த நாள் முழுக்க இருட்டறையில் படுத்திருப்பார். வெளியில் இருந்து பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. அப்படி மறைத்து மறைத்துக் களைத்து, மனச்சோர்வு என்றுதான் என்னிடம் வந்தார். 'கலியாணம் கட்டினா எல்லாம் சரியாகும்' என்று வீட்டில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தயவுசெய்து கலியாணத்தை மருந்தாகக் கொடுக்காதீர்கள். அவருக்கும் அநியாயம், வருகிறவருக்கும் அநியாயம்.

தெரிந்து என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு: கூச்சம் வாழ்க்கையை முடக்கும் அளவுக்குப் போனால் அது சமூகப் பதற்றம். படிப்படியாகப் பழக்கும் உளவளத்துணையால் அதைக் குறைக்கலாம். போர் தந்த காயத்துக்கும் சிகிச்சை இருக்கிறது. ஓட்டிசத்தை எடுத்துவிட மாத்திரை இல்லை. ஆனால் கூட வருகிற பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் நித்திரையின்மைக்கும் உதவி இருக்கிறது. வாழும் முறையையும் மாற்றிக்கொள்ளலாம். தம்பி இப்போது வேலைத்தலத்தில் மின்விசிறிக்குத் தள்ளி இருக்கிறார். செய்ய வேண்டியதை வாயால் சொல்லாமல் எழுதித் தரும்படி முகாமையாளரிடம் கேட்டார், அவரும் ஒத்துக்கொண்டார். செத்தவீட்டில் கண்ட அந்தத் தாயிடமும் ஒருநாள் போய் விஷயத்தைச் சொன்னாராம். அவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்திருக்கிறார்.

இரத்தப் பரிசோதனையிலோ ஸ்கானிலோ ஓட்டிசம் தெரியாது. மனநல வைத்திய நிபுணர் உங்களோடும் உங்களைச் சிறு வயதில் இருந்து தெரிந்தவரோடும் கதைத்துத்தான் முடிவு செய்வார். உங்கள் மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பிரதேச செயலகத்தில் இருக்கும் உளவளத்துணை உத்தியோகத்தரிடம் முதலில் கேட்கலாம். போன் வசதி என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கம் இருக்கிறது. போகும்போது பெரியம்மா, அம்மம்மா, பக்கத்து வீட்டு மாமி என்று யாராவது ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதைக்கக் கஷ்டம் என்றால் கொப்பியில் எழுதிக்கொண்டு போங்கள். விசிறிச் சத்தம் உறுத்தினால் நிற்பாட்டச் சொல்லுங்கள்.