எம்எல்ஏவின் சொந்தத் தொழில்: எதைக் கேட்பது, எங்கே கேட்பது

"எங்க எம்எல்ஏ இன்ஜினியரிங் காலேஜ் நடத்துறார் சார். ஆதாயம் தரும் பதவி. தகுதி நீக்கம் பண்ண ஹைகோர்ட்ல ரிட் மனு போடுங்க." போன வாரம் மறுபடியும் ஒருவர் வக்கீலான என்னிடம் கட்டுக் கட்டாக ஜெராக்ஸோடு வந்துவிட்டார். ஊருக்காக அலைகிற மனிதர்கள் இப்படிக் கைக்காசைப் போட்டுத் தோற்றுப்போவதைப் பார்த்துப் பார்த்துச் சலித்துவிட்டது.

ஆதாயம் தரும் பதவி என்றால் ஆதாயம் வருகிற தொழில் அல்ல. அரசமைப்புச் சட்டத்தின் 191ஆவது பிரிவு பேசுவது அரசின் கீழ் வகிக்கும் பதவியை. கடை, காலேஜ், கல்யாண மண்டபம் எதுவும் அதில் வராது. கோடி கோடியாக லாபம் வந்தாலும் வராது. அரசுப் பதவியாக இருந்தால் ஒரு ரூபாய்கூட வாங்காதவரும் மாட்டலாம். உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சி மன்றத் தலைவராக இருந்த ஜெயா பச்சன் 2006இல் மாநிலங்களவை உறுப்பினர் பதவியை இழந்தது அப்படித்தான். பணத்தை வாங்கினாரா என்பது முக்கியமில்லை, அந்தப் பதவிக்குப் பணம் பெற உரிமை உண்டா என்று பார்த்தால் போதும் என்றது உச்ச நீதிமன்றம். எம்எல்ஏ வக்கீல் தொழில் செய்வதற்கும் தடை இல்லை. 2018இல் அதையும் அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

உண்மையில் பதவியைப் பறிக்கக்கூடியது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவு. அது பாய வேண்டுமானால், அரசுக்குப் பொருள் சப்ளை செய்யவோ அரசுப் பணியைச் செய்து தரவோ எம்எல்ஏ செய்துகொண்ட ஒப்பந்தம் நடப்பில் இருக்க வேண்டும். உத்தரப் பிரதேச எம்எல்ஏ பஜ்ரங் பகதூர் சிங் 2015இல் பதவி இழந்தது சாலைப் பணி காண்ட்ராக்டால். ஆனால் ரோடு போட்டு முடித்து பில் தொகை மட்டும் பாக்கி என்றால் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதாகக் கொள்ள முடியாது. மைத்துனர் பெயரில் காண்ட்ராக்ட் என்று சொல்லிக்கொண்டு வராதீர்கள். பிரிவு அவ்வளவு தூரம் நீளாது.

அப்புறம் ஜார்க்கண்ட் விவகாரம். முதல்வர் ஹேமந்த் சோரன் பெயரில் 2021இல் ராஞ்சி மாவட்டம் அன்கடாவில் 0.88 ஏக்கர் கல்குவாரிக் குத்தகை வழங்கப்பட்டது. சுரங்கத் துறையும் அப்போது அவரிடமே இருந்தது. புகார் கிளம்பியதும் குத்தகையை ஒப்படைத்தார். 2022 ஆகஸ்டில் அவரது தகுதி நீக்கம் பற்றித் தேர்தல் ஆணையம் ஆளுநருக்குக் கருத்து அனுப்பியது, பதவி போகவில்லை. சுரங்கக் குத்தகை 9ஏ-க்குள் வராது என்று கர்தார் சிங் பதானா வழக்கில் 2001இலேயே தீர்ப்பு இருக்கிறது. சரி, தகுதி நீக்கம் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். குத்தகை பெறுபவரும் அதைத் தரும் துறையின் அமைச்சரும் ஒரே ஆளாக இருக்கலாமா? நலன் முரண் என்பது இதுதான். தகுதி நீக்கச் சட்டத்தில் அதற்குப் பதில் இல்லை. மாநிலங்களவையில் உறுப்பினர்களின் இயக்குநர் பதவி, பங்கு, ஆலோசனை வருமானம், தொழில் ஆகியவற்றுக்குத் தனிப் பதிவேடு உண்டு. அப்படி ஒன்று ஒவ்வொரு சட்டமன்றத்திலும் வேண்டும், மக்கள் பார்க்கிற மாதிரி வேண்டும் என்று கேளுங்கள். காலேஜ் முதலாளி கல்விக் கட்டண மசோதாவுக்கு ஓட்டுப் போடும்போது அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

வக்கீலைத் தேடி வருமுன் படிவம் 26ஐப் படியுங்கள். வேட்பாளர் தரும் பிரமாணப் பத்திரம் அது. வருமானம் வரும் வழி, அரசு ஒப்பந்தங்கள் எல்லாம் அதில் சொல்லியாக வேண்டும், தேர்தல் ஆணைய இணையதளத்திலேயே கிடைக்கும். பணி ஆணை, ஒப்பந்தத் தேதி, பணி முடிந்த சான்று மூன்றையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். பேப்பர் கட்டிங் சாட்சியம் ஆகாது. வேட்புமனு நாளிலேயே அந்தத் தகுதிக் குறை இருந்ததென்றால் முடிவு வந்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போட்டாக வேண்டும். இரண்டு வருடம் கழித்து வந்து நின்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. ஜெயித்த பிறகு முளைத்த ஒப்பந்தமா? 192ஆவது பிரிவின்படி ஆளுநருக்கு எழுதுங்கள். அவர் தேர்தல் ஆணையத்தின் கருத்தைக் கேட்டு அதன்படிதான் முடிவெடுக்க வேண்டும். ரிட் எல்லாம் அதற்கப்புறம்.