கிளிப் கழற்றும் நாளில் தெரியும் வெள்ளைக் கட்டம்

பல்லுக்குப் போட்ட கிளிப்பைக் கழற்றும் நாள் ஒரு வீட்டுக்குப் பண்டிகை மாதிரி. அம்மா, அப்பா, சில சமயம் பாட்டிகூட உடன் வந்துவிடுவார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு குடும்பத்தை என்னால் மறக்க முடியவில்லை. பையன் பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருந்தான். 22 மாதச் சிகிச்சை. தூக்கிக்கொண்டு நின்ற முன்பற்கள் அழகாக வரிசைக்கு வந்துவிட்டன. கம்பியைத் தாங்குவதற்காகப் பல்லில் ஒட்டிய சின்னத் துண்டுகளான பிராக்கெட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஒட்டியிருந்த பசையைச் சுரண்டி, காற்றடித்துப் பல்லை உலர்த்தினேன். பிராக்கெட் ஒட்டியிருந்த நடுப்பகுதி பளபளப்பாக இருந்தது. அதைச் சுற்றிலும், படத்துக்குச் சட்டம் போட்டதுபோல, சுண்ணாம்பு நிறத்தில் ஒரு வெள்ளைக் கட்டம். மேல்வரிசையில் ஆறு பற்களில் இருந்தது.

"பசை இன்னும் போகவில்லையா டாக்டர்?" என்று அவன் அம்மா கேட்டார். பசை இல்லை, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல் கரைந்துபோன தடம் என்று சொல்ல எனக்கே கொஞ்ச நேரம் பிடித்தது. கண்ணாடியை வாங்கிப் பார்த்த பையன் உதட்டை மூடிக்கொண்டான். சிரிக்க வேண்டும் என்பதற்காகத்தானே கிளிப் போட்டோம்.

சேலத்தில் 17 ஆண்டுகளாகப் பல் சீரமைப்பு மட்டுமே பார்த்து வருகிறேன். கிளிப் போட்டால் பல் கெட்டுவிடும் என்று சொல்லிப் பயந்து நிற்பவர்கள் இன்றும் வருகிறார்கள். கம்பி பல்லைக் கெடுப்பதில்லை. கம்பிக்கும் ஈறுக்கும் நடுவில் நாம் விட்டுவைக்கும் அழுக்குதான் கெடுக்கிறது. கிளிப் இருக்கும்வரை அந்தச் சேதம் பெரும்பாலும் கண்ணில் படாது என்பதால்தான் கழற்றும் நாளில் அது இப்படி இடியாக விழுகிறது.

பல் துலக்கிய சில மணி நேரத்திலேயே பற்களின் மேல் கிருமிகள் மெல்லிய படலமாகப் படியத் தொடங்குகின்றன. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக, பிசுபிசுப்பாக வருமே, அதுதான். கிளிப் இல்லாத பல்லில் நாக்கும் உதடும் எச்சிலும் அதில் ஓரளவைத் துடைத்துவிடும். கிளிப் போட்டதும் ஒவ்வொரு பல்லிலும் நான்கு விளிம்புள்ள ஒரு திண்ணை கட்டியதுபோல் ஆகிவிடுகிறது. அதன் ஓரங்களில் படிவதை நாக்கால் தொடவே முடியாது. நாம் சாப்பிடும் சர்க்கரையையும் மாவுப்பொருளையும் இந்தப் படலத்திலுள்ள ஸ்டிரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் போன்ற கிருமிகள் அமிலமாக மாற்றுகின்றன. படலத்தின் பிஎச் அளவு (குறையக் குறைய அமிலம் அதிகம்) சுமார் 5.5க்குக் கீழே போனதும் எனாமலில் உள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியேறுகின்றன. எச்சில் அந்த அமிலத்தைத் தணித்துப் பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை ஆகலாம். அதற்குள் இன்னொரு பிஸ்கட் வாய்க்குள் போனால் கணக்கு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கும். இது நாள்தோறும் நடந்தால், கிளிப் போட்ட 4 வாரங்களிலேயே வெள்ளைத் தடம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்துவிடலாம். 22 மாதம் எவ்வளவு நீண்ட காலம் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்தப் பையன் இரவில் பல் துலக்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். துலக்கியிருக்கிறான். அம்மாவே பக்கத்தில் நின்று துலக்க வைத்திருக்கிறார். துலக்கிய பிறகு, படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்குத் தெம்பு வேண்டுமே என்று, சத்துப்பொடியும் சர்க்கரையும் கலந்த ஒரு தம்ளர் பால். அதைக் குடித்துவிட்டு அப்படியே தூங்கியிருக்கிறான். தூக்கத்தில் எச்சில் மிகக் குறைவாகச் சுரக்கும். அமிலத்தைக் கழுவ ஆளில்லை. அந்தப் பால் தம்ளரைப் பற்றி 22 மாதங்களில் ஒருமுறைகூட நான் கேட்கவில்லை என்பது இன்னமும் உறுத்துகிறது. இப்போதெல்லாம் கிளிப் போடும் முதல் நாளே கேட்டுவிடுகிறேன்: இரவில் கடைசியாக வாய்க்குள் போவது என்ன? அது பிரஷ்ஷாக இருக்க வேண்டும். பால் வேண்டுமென்றால் அதற்கு முன்பே குடித்துவிடட்டும்.

சாப்பாட்டு விஷயத்தில் பெற்றோர் எல்லோருக்கும் ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கிறது. முறுக்கு, தட்டை, கடலை மிட்டாய், கமர்கட், கரும்பு, எலும்பு எல்லாம் கூடாது. சரிதான், அவை பிராக்கெட்டைப் பெயர்த்துவிடும். கொய்யாவையும் ஆப்பிளையும் முழுதாகக் கடிக்காமல் நறுக்கித் தின்னச் சொல்கிறோம். ஆனால் பிராக்கெட் பெயர்ந்தால் மறுபடி ஒட்டிக்கொள்ளலாம், எனாமல் கரைந்தால் ஒட்ட முடியாது. பல்லைக் கரைப்பவை மெத்தென்று இருப்பதால் அவற்றை யாரும் சந்தேகப்படுவதில்லை. கிரீம் பிஸ்கட், பன், கேக், டியூஷன் இடைவேளையில் வாங்கும் பாட்டில் பானம், நாள் முழுவதும் கன்னத்தில் அடக்கிவைக்கும் மிட்டாய். இனிப்பே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன், பிள்ளைகள் கேட்கவும் மாட்டார்கள். சாப்பாட்டோடு சேர்த்து ஒரே வேளையில் தின்றுவிட்டு வாயை நன்றாகக் கொப்பளிக்கட்டும். மணிக்கு ஒருமுறை கொறிப்பதைத்தான் நிறுத்த வேண்டும். ஜூஸோ சோடாவோ குடித்த உடனே பல் துலக்காமல், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள்.

இனி ஈறுக்கு வருகிறேன். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். "துலக்கினால் ரத்தம் வருகிறது டாக்டர், அதனால் அந்தப் பக்கம் பிரஷ் போடுவதில்லை" என்று வாரத்துக்கு நான்கு பேராவது சொல்கிறார்கள். ரத்தம் வருவது அந்த இடத்தில் அழுக்கு தங்கியிருக்கிறது என்பதற்கான அறிகுறி. அங்கே பிரஷ் போடாமல் விட்டால் வீக்கம் கூடும், ரத்தம் இன்னும் எளிதாக வரும், பயமும் கூடும். 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் ஆரோக்கியமான ஈறுகள் உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். 10 முதல் 21 நாட்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது. கிளிப் போடாதவர்களுக்கே அந்த நிலை. ரத்தம் வந்து பயப்படுகிறவர்களுக்கு அந்த ஒரு வாரத்தைத்தான் நான் நினைவூட்டுவேன். மென்மையான பிரஷ்ஷால், அழுத்தாமல், ரத்தம் வரும் இடத்தையே பொறுமையாகத் துலக்குங்கள். ஒரு வாரம், பத்து நாளில் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் அழுக்கு கல்லாக இறுகிக் காரை படிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள், சுத்தம் செய்து தருவோம். காரை பிரஷ்ஷுக்குப் போகாது.

பருவ வயதில் உடலின் ஹார்மோன் மாற்றத்தால் ஈறு கொஞ்சம் அழுக்குக்கே அதிகமாக வீங்கும். கிளிப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் அதே வயதினர். ஈறு தடித்து பிராக்கெட்டின் மேல் ஏறிப் பாதியை மூடிவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் பல்லை நகர்த்துவதைத் தொடர மாட்டேன். கம்பியை எடுத்துவிட்டு ஈறு ஆறும்வரை காத்திருப்பேன். இரண்டு மூன்று முறை சொல்லியும் மாறவில்லை என்றால் சிகிச்சையை இடையிலேயே நிறுத்திக் கிளிப்பைக் கழற்றிவிடுவேன். கட்டிய பணம் வீணாகிறதே என்று பெற்றோருக்கு என்மேல் வருத்தம் வரும். வரிசையான சொத்தைப் பற்களைவிட, கோணலாக இருக்கும் நல்ல பற்களே மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது.

எப்படித் துலக்குவது என்று கேட்டால் வாயால் சொல்வதை நான் விட்டுவிட்டேன். சிவப்புச் சாயம் ஒன்று இருக்கிறது. பல்லில் தடவிக் கொப்பளித்தால் சுத்தமான இடம் வெள்ளையாகவே இருக்கும், அழுக்குள்ள இடம் ரோஜா நிறத்தில் பிடித்துக்கொள்ளும். போன மாதம் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "காலையில் ஐந்து நிமிடம் துலக்கினேன்" என்றாள். பொய் சொல்லவில்லை. சாயம் தடவிக் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். பிராக்கெட்டுகளின் முகமெல்லாம் பளிச்சென்று இருந்தன. பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில், 2 மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது, மேல்வரிசை முழுக்க ஒரு ரோஜாக் கோடு நூல் பிடித்ததுபோல் ஓடியது. "இந்த இடத்தை நான் தொடவே இல்லையா?" என்று அவளே கேட்டாள். தொட்டிருக்க முடியாது, ஏனென்றால் பிரஷ்ஷை நேராகப் பிடித்தால் பிராக்கெட் அதைத் தாங்கிக்கொள்ளும், தூரிகை முனை ஈறுவரை போய்ச் சேராது.

அங்கேயே அவளைத் துலக்கச் சொன்னேன். பிரஷ்ஷைச் சாய்த்து, அதன் முனைகள் ஈறும் பல்லும் சேரும் கோட்டைப் பார்க்கும்படி 45 டிகிரியில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாக ஒரு சுற்று. பிறகு பிராக்கெட்டின் மேல் நேராக ஒரு சுற்று. அதன்பின் எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, பிராக்கெட்டின் இன்னொரு விளிம்பையும் கம்பியின் அடிப்பக்கத்தையும் ஒரு சுற்று. அடுத்து குப்பி கழுவும் பிரஷ்ஷின் குட்டி வடிவமாக இருக்கும் இடைவெளி பிரஷ். அதைக் கம்பிக்கு அடியில் நுழைத்து, ஒவ்வொரு இரண்டு பிராக்கெட்டுக்கும் நடுவில் நான்கைந்து முறை மேலும் கீழும் இழுக்க வேண்டும். ரோஜாக் கோடு மறைய அவளுக்கு ஏழு நிமிடம் ஆனது. பழகிவிட்டால் நான்கைந்து நிமிடத்தில் முடியும். கண்ணாடி முன் நின்றுதான் செய்ய வேண்டும். வீட்டுக்குள் நடந்துகொண்டே துலக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, கிளிப் இருக்கும்வரை அதை விட்டுவிடுங்கள்.

சாதாரண மென்மையான பிரஷ்ஷே போதும். நடு வரிசை குட்டையாக, பள்ளம் போல இருக்கும் கிளிப் பிரஷ் கிடைத்தால் இன்னும் எளிது. கம்பி பட்டுப் பட்டு பிரஷ்ஷின் இழைகள் சீக்கிரமே விரிந்துவிடும், மூன்று மாதம்வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். இரண்டு பற்கள் ஒட்டும் இடத்துக்குப் பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்தான் போகும். கம்பி குறுக்கே இருப்பதால், ஊசியில் நூல் கோப்பதுபோல் பிளாஸ்டிக் கண்ணி ஒன்றின் உதவியோடு அதை நுழைக்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. தினமும் இரவில் ஒருமுறை செய்தால் போதும். தண்ணீரைப் பீய்ச்சும் கருவி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். உணவுத் துணுக்குகளை அடித்து வெளியேற்றும், ஈறுக்கும் நல்லது, ஆனால் ஒட்டிய படலத்தைப் பிரஷ் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். நல்லெண்ணெய் கொப்பளிப்பதற்கும் உப்புநீருக்கும் என் பதில் இதேதான். வேப்பங்குச்சி கிளிப்போடு ஒத்துவராது. கரிப்பொடி, சொரசொரப்பான பல்பொடி எதுவும் வேண்டாம். குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்துநீரை டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் தொடராதீர்கள், பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் ருசியும் மாறும்.

எங்கள் பக்கத்துக்கே உரிய ஒரு கவலையையும் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகம். அங்கே வளர்ந்தவர்கள் பலருக்குப் பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இந்தப் பாதிப்பைக் குறைக்கத்தான் வந்தது. அந்த ஊர்ப் பெற்றோர் ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் என்றாலே பின்வாங்குகிறார்கள். அவர்களுடைய பயம் அனுபவத்தில் வந்தது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கறை, ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த சிறு வயதில் வயிற்றுக்குள் போன ஃபுளோரைடால் வந்தது. 13 வயதுப் பிள்ளையின் முன்பற்கள் எப்போதோ உருவாகி முடிந்துவிட்டன. துலக்கித் துப்பிவிடும் பேஸ்ட்டால் அவற்றில் புதிய கறை வராது. கிளிப்பைச் சுற்றி எனாமல் கரையாமல் காப்பதோ அதே ஃபுளோரைடுதான். 1000 பிபிஎம் அளவு ஃபுளோரைடு உள்ள பேஸ்ட்டை வாங்குங்கள், இரவில் துலக்கியதும் நுரையைத் துப்பிவிட்டு, நிறையத் தண்ணீர்விட்டுக் கொப்பளிக்காமல் அப்படியே படுக்கச் சொல்லுங்கள். கிளிப் போடுவதற்கு முன்பே பற்களைப் படம் எடுத்து வைக்கச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீரால் வந்த கறை பெரும்பாலும் இருபுறமும் ஒரே மாதிரி, பல்லின் குறுக்கே பரவியிருக்கும். அழுக்கால் வந்தது பிராக்கெட்டைச் சுற்றியும் ஈறு ஓரத்திலும் வளையமாக நிற்கும். படம் இருந்தால் பின்னால் குழப்பம் வராது.

வெள்ளைத் தடம் வந்துவிட்டவர்களும் மனம் விட்டுவிட வேண்டாம். கிளிப் போனதும் எச்சில் தாராளமாகப் படத் தொடங்கும். அதிலுள்ள கால்சியம் எனாமலுக்குத் திரும்பும். ஃபுளோரைடு பேஸ்ட்டோடு ஒழுங்காகத் துலக்கினால் முதல் ஆறு மாதங்களில் பல தடங்கள் மங்கும். அதுவரை பல்லை வெளுக்கவைக்கும் சிகிச்சைக்கு ஓடாதீர்கள். மிஞ்சுவதை மேலோட்டமாகத் தேய்த்தோ, எனாமலின் நுண்துளைகளுக்குள் பிசினைச் செலுத்தியோ மறைக்க வழி இருக்கிறது, செலவும் இருக்கிறது.

அந்தப் பையன் ஆறு மாதம் கழித்து, பற்கள் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரீட்டெய்னரைச் சரிபார்க்க வந்தான். இரவுப் பால் நின்றுவிட்டது என்று அவன் அம்மா முதல் வேலையாகச் சொன்னார். பல்லை உலர்த்திப் பார்த்தேன். முன்பற்கள் நான்கிலும் தடம் நன்றாக மங்கியிருந்தது, பேசும் தூரத்தில் தெரியவில்லை. மேல் கோரைப் பற்கள் இரண்டிலும் ஈறு ஓரத்தில் அந்த வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது.